கிங்ஸ் சர்க்கிளில் 1.618

மும்பை மாட்டுங்கா மார்க்கெட்டில் மல்லிகைச் சரமும் வாழைத்தண்டும் விற்கும் தெருவிலேயே கோலமாவும் கிடைக்கும். வாங்கிப் போகிறவர்களுக்குத்தான் இடநெருக்கடி. கிங்ஸ் சர்க்கிளைச் சுற்றியுள்ள பழைய கட்டடங்களில் வாசல் என்பது பெரும்பாலும் மாடிப்படிக்கும் கதவுக்கும் நடுவே கிடக்கும் சிறு தரைதான். அதில் தேர்க்கோலம் போட முடியாது. ஐந்து வரிசை ஐந்து புள்ளி, மிஞ்சிப்போனால் எட்டு வரிசை எட்டுப் புள்ளி. கணிதத்தில் மிக அதிகமாகப் பேசப்பட்ட, மிக அதிகமாகத் தப்பாகப் பேசப்பட்ட ஓர் எண்ணைப் பார்க்க அந்த இடம் தாராளம்.

சிக்குக் கோலத்தின் சட்டம் எல்லோருக்கும் தெரிந்ததே. இழை புள்ளியைத் தொடக் கூடாது. ஒவ்வொரு புள்ளியையும் சுற்றிவர வேண்டும். தொடங்கிய இடத்தில் வந்து சேர வேண்டும். ஒரே இழையில் எல்லாப் புள்ளியையும் சுற்றி முடித்தால் அது கைதேர்ந்த வேலை. இரண்டு மூன்று தனித்தனி இழைகளாகப் பிரிந்துவிட்டால், பார்க்க அழகாகவே இருந்தாலும், போட்டவருக்கு உள்ளூர ஒரு குறை இருக்கும்.

இந்தக் குறையைக் கணக்காக எடுத்துக்கொண்டவர் எஸ். நாராணன். மும்பையின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் அண்டக் கதிர்கள், எக்ஸ்ரே வானியல் ஆகியவற்றில் பல்லாண்டு பணியாற்றிய இயற்பியலாளர். ஓய்வுக்குப் பின் சென்னையில் குடியேறியவர், 2000களின் பிற்பகுதியில் கோலங்களைப் பற்றிக் கட்டுரைகள் எழுதினார். வானத்தை அளந்தவர் வாசலுக்கு வந்ததில் வியப்பில்லை. புள்ளிக்கோலத்தை அறிவியலாளர்கள் பார்ப்பது அதுவே முதல்முறையும் அல்ல. சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் 1974லேயே கோலத்தைக் கணினி மொழியின் இலக்கணத்தோடு சேர்த்து ஆராய்ந்திருந்தார்கள். நாராணன் கேட்ட கேள்வி வேறு: சிறிய கோலங்களை ஒட்டிப் பெரிய கோலம் செய்ய ஏதாவது விதி உண்டா?

உண்டு. ஐந்துக்கு ஐந்தில் மொத்தம் 25 புள்ளி. நடுப்புள்ளியை விட்டுவிட்டால் மீதி 24. அந்த 24ஐ, இரண்டுக்கு மூன்று என்ற அளவுள்ள நான்கு செவ்வகங்களாகப் பிரிக்கலாம். காற்றாடியின் நான்கு இறக்கைகளைப் போல அவை நடுப்புள்ளியைச் சுற்றி, ஒன்று படுத்தும் அடுத்தது நின்றும் உட்காரும். எட்டுக்கு எட்டிலும் அதே கதை: நடுவில் இரண்டுக்கு இரண்டு, சுற்றிலும் மூன்றுக்கு ஐந்து அளவில் நான்கு செவ்வகம். 4ம் 60ம் 64. பதின்மூன்றுக்குப் பதின்மூன்றில் நடுவில் 9 புள்ளி, சுற்றிலும் ஐந்துக்கு எட்டாக நான்கு. 9ம் 160ம் 169.

இனி செவ்வகங்களுக்குள் சிறு கோலங்களைப் போட்டு, அவை ஒன்றையொன்று தொடும் இடங்களில் இழைகளை வெட்டிக் குறுக்கே சேர்த்தால், தனித்தனியாகக் கிடந்தவை ஒரே இழையாகிவிடும். சேர்க்கும் இடங்களை நான்கு பக்கமும் ஒரே மாதிரி தேர்ந்தெடுத்தால், கோலத்தைக் கால் வட்டம் திருப்பினாலும் திருப்பியது தெரியாது. நாராணன் இப்படி 3, 5, 8, 13, 21 என்று சதுரங்களை ஏற்றிக்கொண்டே போனார். இருபத்தொன்றுக்கு இருபத்தொன்று என்றால் 441 புள்ளி. கட்டடச் செயலாளரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு மொட்டை மாடியில்தான் போட வேண்டும்.

அந்த வரிசையைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கலாம்: 1, 2, 3, 5, 8, 13, 21, 34, 55, 89. முன்னால் உள்ள இரண்டைக் கூட்டினால் அடுத்தது. பக்கத்துப் பக்கத்து எண்களை வகுத்தால், 3/2 என்பது 1.5. 5/3 என்பது 1.667. 8/5 சரியாக 1.6. 13/8 என்பது 1.625. 21/13 என்பது 1.615. ஒருமுறை மேலே, ஒருமுறை கீழே என்று தள்ளாடித் தள்ளாடி ஓர் இடத்தை நெருங்குகிறது. அந்த இடம் 1.6180339… என்று முடிவில்லாமல் போகும் எண். 5இன் வர்க்கமூலத்தோடு 1ஐக் கூட்டி இரண்டால் வகுத்தால் கிடைப்பது. தங்க விகிதம் என்று சொல்வது இதைத்தான்.

கோலத்தின் இறக்கைச் செவ்வகங்கள் 2×3, 3×5, 5×8, 8×13 என்று பெரிதாகப் பெரிதாக, அவற்றின் நீள அகல விகிதம் இந்த எண்ணை நோக்கி நகர்கிறது. எவரும் அதைத் திட்டமிட வேண்டியதில்லை. ஒட்டிக்கொண்டே போனால் தானாக வந்து சேரும்.

இந்த விகிதத்துக்கு யூக்ளிட் கி.மு. 300 வாக்கில் கொடுத்த விளக்கம் எளிமையானது. ஒரு கோலை இரண்டாக முறிக்க வேண்டும். முழுக் கோலுக்கும் பெரிய துண்டுக்கும் உள்ள விகிதமே, பெரிய துண்டுக்கும் சின்னத் துண்டுக்கும் இருக்க வேண்டும். அப்படி முறிக்க ஒரே ஓர் இடம்தான் உண்டு. அதனால் இந்த எண்ணுக்குச் சில விநோதக் குணங்கள் வருகின்றன. இதோடு 1ஐக் கூட்டினால் இதன் வர்க்கம், 2.618. இதிலிருந்து 1ஐக் கழித்தால் இதன் தலைகீழ், 0.618. தசம இடங்கள் எல்லாவற்றிலும் ஒரே வால். வேறெந்த நேர்ம எண்ணுக்கும் இது வாய்க்காது.

பள்ளிப் பிள்ளைகளைத் திகைக்க வைக்கும் ஒரு வித்தையும் இதிலிருந்து வருகிறது. கட்டம் போட்ட தாளில் எட்டுக்கு எட்டுச் சதுரம் ஒன்றை வெட்டுங்கள். 64 கட்டம். அதை 5, 3 என்ற அளவில் குறுக்கே வெட்டி, பெரிய துண்டை இரண்டு சரிவகங்களாகவும் சின்னத் துண்டை இரண்டு முக்கோணங்களாகவும் நறுக்குங்கள். நான்கையும் மாற்றி அடுக்கினால் ஐந்துக்குப் பதின்மூன்று செவ்வகம் கிடைக்கும். அதில் 65 கட்டம். கூடுதலாக வந்த ஒரு கட்டம் எங்கிருந்து முளைத்தது? செவ்வகத்தின் மூலைவிட்டத்தில் துண்டுகள் சரியாகச் சேரவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒல்லியான இடைவெளி ஒன்று அங்கே படுத்திருக்கிறது. 13ஐயும் 8ஐயும் எடுத்து இதையே செய்தால் ஒரு கட்டம் காணாமல் போகும். அடுத்த ஜோடியில் மறுபடி கூடும். கூடவும் இல்லாமல் குறையவும் இல்லாமல் வெட்ட வேண்டுமென்றால், துண்டுகளின் அளவு தங்க விகிதத்திலேயே இருந்தாக வேண்டும். முழு எண்களால் அது ஆகாது.

ஏன் ஆகாது என்பதற்கும் ஒரு சின்ன நிரூபணம் இருக்கிறது. தங்க விகிதத்தில் உள்ள செவ்வகத்திலிருந்து ஒரு சதுரத்தை வெட்டி எடுத்தால், மிஞ்சுவதும் அதே விகிதமுள்ள சின்னச் செவ்வகம். பெரியதின் பக்கங்கள் முழு எண்கள் என்றால் சின்னதின் பக்கங்களும் முழு எண்களாகவே இருக்கும், ஏனென்றால் நாம் கழித்தலைத் தவிர வேறெதுவும் செய்யவில்லை. மறுபடி வெட்டினால் அதைவிடச் சின்னது. மறுபடியும். முழு எண்கள் இப்படி முடிவில்லாமல் குறைந்துகொண்டே போக முடியாது. ஒன்றில் வந்து முட்டியாக வேண்டும். ஆகவே அப்படி ஒரு முழு எண் செவ்வகம் இல்லை. ஒரு வரிச் சமன்பாடுகூட இல்லாமல் முடிந்துவிடும் இந்த நிரூபணத்தைப் பாடப்புத்தகங்கள் ஏன் முன்வரிசையில் வைப்பதில்லை என்பது புரியாத விஷயம்.

கிங்ஸ் சர்க்கிள் தமிழர்கள் மட்டும் வாழும் இடமல்ல. கட்ச் பகுதிக் குஜராத்திகள், அவர்களில் பெரும்பகுதி சமணர்கள், இங்கே பல தலைமுறையாக அண்டை வீட்டார். காலையில் ஒரு தெருவில் ஆஸ்திக சமாஜக் கோயிலுக்குப் போகும் கூட்டம், இன்னொரு தெருவில் வெள்ளை உடுத்திச் சமணக் கோயிலுக்குப் போகும் கூட்டம். கோலத்தில் தமிழர் கண்ட 1, 2, 3, 5, 8 வரிசைக்குச் சமணர்களிடமும் உரிமைப் பத்திரம் இருக்கிறது, அதுவும் பழைய பத்திரம்.

குஜராத்தின் பாட்டன் நகரில் சோலங்கி அரசர்கள் காலத்தில் வாழ்ந்த சமண ஆச்சாரியர் ஹேமச்சந்திரர். இலக்கணம், அகராதி, யாப்பு என்று அவர் தொடாத துறை குறைவு. 1150 வாக்கில் அவர் யாப்பிலக்கணத்தில் ஒரு கேள்விக்கு விடை சொன்னார். ஓசையில் குறுகியது ஒரு மாத்திரை, நீண்டது இரண்டு மாத்திரை. இத்தனை மாத்திரை கொண்ட அடியைக் குறுகியதையும் நீண்டதையும் வைத்து எத்தனை விதமாக நிரப்பலாம்?

குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு என்று தொல்காப்பியம் படித்தவர்களுக்கு இந்தக் கணக்கு அந்நியமல்ல. நான்கு மாத்திரையை எடுத்துக்கொள்ளலாம். நெடில் நெடில், நெடில் குறில் குறில், குறில் நெடில் குறில், குறில் குறில் நெடில், நான்கும் குறில். ஆக ஐந்து. மூன்று மாத்திரைக்கு மூன்று விதம், இரண்டுக்கு இரண்டு. ஐந்து மாத்திரைக்கு? பட்டியல் போடத் தேவையில்லை. அடியின் கடைசி ஓசை குறிலாக இருந்தால், அதற்கு முன் நான்கு மாத்திரை இருக்கிறது: ஐந்து விதம். நெடிலாக இருந்தால், முன்னால் மூன்று மாத்திரை: மூன்று விதம். ஐந்தும் மூன்றும் எட்டு. கூட்டல் விதி எங்கிருந்து வருகிறது என்பது இந்த இரண்டு வாக்கியங்களில் முடிந்துபோகிறது.

ஹேமச்சந்திரர் முதல்வரும் அல்லர். அவருக்குச் சற்று முன்னால், 1135க்கு முன், கோபாலர் என்ற உரையாசிரியர் இதைச் சொல்லியிருக்கிறார். அவர் உரை எழுதியது விரஹாங்கர் என்பவரின் பிராகிருத யாப்பு நூலுக்கு. விரஹாங்கரின் காலம் 600க்கும் 800க்கும் இடையில் என்று கருதப்படுகிறது. இத்தாலியின் பீசா நகரத்து லியோனார்டோ, அதாவது ஃபிபொனாச்சி, தன் முயல் கணக்கை எழுதியது 1202இல். அந்த வரிசைக்கு அவர் பெயரை ஒட்டியவர் 19ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கணிதர் எத்வார் லூக்கா. விரஹாங்கரின் நூலைத் தேடி எடுத்து அச்சில் ஏற்றியவர் ஒரு பம்பாய்க்காரர்: வில்சன் கல்லூரியில் சமஸ்கிருதம் கற்பித்த எச்.டி. வேலங்கர். ராயல் ஏஷியாடிக் சொசைட்டியின் பம்பாய்க் கிளை இதழில் 1929லும் 1932லும் அது வெளிவந்தது. கணித உலகத்துக்கு இது பரவலாகத் தெரிய, பரமானந்த சிங் 1985இல் எழுதிய கட்டுரை வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இன்று இதை மேடை மேடையாகச் சொல்பவர் மஞ்சுல் பார்கவா. 2014இல் ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்ற இவர் தபலா வாசிப்பவர். ஜாகிர் உசேனிடமும் கற்றவர். தாளக்காரனுக்கு இந்த எண்கள் ஏட்டில் இருப்பவை அல்ல, விரலில் இருப்பவை. கிங்ஸ் சர்க்கிள் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், 1952இல் தொடங்கிய ஸ்ரீ ஷண்முகானந்த சபாவின் சங்கீத வித்யாலயத்தில் மிருதங்கம் கற்கும் பிள்ளைகள் ஒன்றையும் இரண்டையும் வைத்துத்தான் கணக்கைத் தொடங்குகிறார்கள். ஒற்றை, இரட்டை மட்டும் கொண்டு கண்ட சாபுவின் ஐந்து எண்ணிக்கையை 8 விதமாக நிரப்பலாம், மிஸ்ர சாபுவின் ஏழை 21 விதமாக, ஆதி தாளத்தின் எட்டை 34 விதமாக. எட்டை இரட்டித்துப் பதினாறாக்கினால் 1597 விதம். தனி ஆவர்த்தனத்துக்கு எழுந்து காபி குடிக்கப் போகிறவர்கள் இதையும் கொஞ்சம் யோசிக்கலாம்.

ஒரு விஷயத்தில் நேர்மையாக இருக்க வேண்டும். விரஹாங்கரோ ஹேமச்சந்திரரோ அந்த எண்களை வகுத்துத் தங்க விகிதத்தைக் கண்டதாகச் சான்று இல்லை. அவர்களுக்கு வேண்டியது எண்ணிக்கை, விகிதம் அல்ல. யூக்ளிட் விகிதத்தை அறிந்திருந்தார், வரிசையைச் சொல்லவில்லை. இரண்டையும் இணைத்து எழுதியவர்களில் பெயர் பெற்றவர் கெப்ளர், 1611இல், பனித்துகள் பற்றிய சிறு நூலில். எல்லாம் நம் முன்னோருக்கு முன்பே தெரியும் என்று முழங்குகிறவர்களும், எல்லாம் கிரேக்கத்திலிருந்து வந்தது என்று முழங்குகிறவர்களும் இந்த வரலாற்றில் பாதியைத்தான் சொல்கிறார்கள்.

முழக்கம் என்றதும் அழகுக் கதைகள் நினைவுக்கு வருகின்றன. ஏதென்ஸின் பார்த்தெனான், மோனாலிசாவின் முகம், தாஜ்மகால், தஞ்சைப் பெரிய கோயில் எல்லாம் தங்க விகிதத்தில் அமைந்தவை என்று வாட்ஸாப்பில் படம் வரும். மேலே ஒரு மஞ்சள் சுருளும் வரைந்திருக்கும். பார்த்தெனானின் மேடை ஏறக்குறைய 69.5 மீட்டர் நீளம், 30.9 மீட்டர் அகலம். வகுத்தால் 2.25, அதாவது ஒன்பதுக்கு நான்கு. தங்கம் இல்லை. நம் சிற்ப நூலான மானசாரம் கட்டடத்தின் உயரத்துக்கு அகலத்தைப்போல் 1, 1¼, 1½, 1¾, 2 மடங்கு என்று ஐந்து அளவுகள் தருகிறது. 1.618 அங்கே ஒன்றரைக்கும் ஒன்றேமுக்காலுக்கும் நடுவே அழைப்பில்லாத விருந்தாளியாக நிற்கிறது. முழம் போட்டு அளக்கும் ஸ்தபதிக்குக் கால், அரை, முக்கால்தான் கைக்கு வசதி.

இந்த அழகு வாதத்தைப் பெரிதாகக் கிளப்பிவிட்டவர் ஜெர்மானியரான அடால்ஃப் ட்சைசிங், 1854இல். மனித உடலைத் தொப்புள் தங்க விகிதத்தில் பிரிக்கிறது என்றார். அதைக் கட்டடக் கலைக்குக் கொண்டுவந்தவர் லெ கார்பூசியே. இவர் உருவாக்கிய மாடுலர் அளவுமுறையில் மனிதனின் உயரம் 183 சென்டிமீட்டர், தொப்புள் 113இல். 183ஐ 113ஆல் வகுத்தால் 1.619. சண்டிகர் தலைமைச் செயலகக் கட்டடங்களில் இந்த முறை புகுந்தது. முதலில் அவர் வைத்த மனித உயரம் 175 செ.மீ. அது அடி அங்குலத்தில் சரியாக வரவில்லை என்று ஆறடிக்கு உயர்த்தினார். ஆங்கிலத் துப்பறியும் கதைகளில் அழகான ஆண்கள் எல்லோரும் ஆறடி என்பது அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். மனிதனை அளந்து விதி செய்தாரா, விதிக்காக மனிதனை இழுத்தாரா என்று கேட்கத் தோன்றுகிறது.

பர்ஸில் உள்ள டெபிட் கார்டும் இந்தப் பட்டியலில் அடிக்கடி சேர்க்கப்படும். 85.6 மில்லிமீட்டருக்கு 53.98. விகிதம் 1.586. அருகில், ஆனால் அதுவல்ல. அருகில் இருப்பதில் ஒரு நல்ல பயனும் இருக்கிறது: ஒரு மைல் 1.609 கிலோமீட்டர். எனவே 5 மைல் ஏறக்குறைய 8 கிலோமீட்டர், 8 மைல் 13, 13 மைல் 21. ஹேமச்சந்திரர் வரிசையில் ஒரு படி ஏறினால் மைல் கிலோமீட்டராகிவிடும். இது வெறும் தற்செயல். பிரெஞ்சுப் புரட்சிக்காரர்கள் பூமியை அளந்து மீட்டர் செய்தபோது இந்த நினைப்பில் இல்லை.

அழகை ஒதுக்கிவிட்டால் இந்த எண்ணின் உண்மையான மதிப்பு என்ன? பின்னங்களுக்கு மிகவும் அடங்காத எண் இது. அதுதான் இதன் தனிச்சிறப்பு.

பை என்ற எண்ணை எடுத்துக்கொள்ளலாம். 22/7 என்று வைத்தால் பிழை சுமார் 0.0013தான். 355/113 என்றால் பிழை கோடியில் மூன்று பங்குக்கும் குறைவு. சின்னப் பகுதி வைத்துக்கொண்டே பை எண்ணைக் கிட்டத்தட்ட பிடித்துவிடலாம். தங்க விகிதம் அப்படி மசியாது. 13/8 என்றால் பிழை 0.007. 144/89 வரை போனாலும் பிழை 0.00006 அளவில் நிற்கிறது. ஏறக்குறைய அதே பருமனுள்ள பகுதியை வைத்துப் பை எண்ணுக்குக் கிடைத்த துல்லியத்தோடு ஒப்பிட்டால் இது இருநூறு மடங்கு மோசம். எந்த எண்ணையும் பின்னத்தால் எவ்வளவு நெருங்கலாம் என்பதற்கு அடால்ஃப் ஹூர்விட்ஸ் 1891இல் ஓர் எல்லை வகுத்தார். அந்த எல்லையில் முட்டிக்கொண்டு நிற்பது தங்க விகிதமும் அதன் உறவுக்கார எண்களும்தான்.

இந்தப் பிடிவாதத்தால் யாருக்கு லாபம் என்றால், செடிகளுக்கு. தண்டின் நுனியில் ஒன்றன்பின் ஒன்றாக இலையோ பூவிதழோ முளைக்கும்போது, முந்தையதிலிருந்து சிறிது திரும்பி முளைக்கிறது. கால் சுற்று திரும்பினால் ஐந்தாவது இலை முதல் இலைக்கு நேர் மேலே வந்து வெயிலை மறைக்கும். ஏழில் ஒரு சுற்று என்றால் எட்டாவது. எளிய பின்னம் எதுவானாலும் கொஞ்ச நேரத்தில் நேர்வரிசைகள் விழுந்து, நடுவே இடம் வீணாகும். பின்னத்துக்கு அடங்காத கோணம் வேண்டும். அது 137.5 பாகை, முழு வட்டத்தைத் தங்க விகிதத்தில் வெட்டினால் கிடைக்கும் சின்னத் துண்டு. செடிக்குக் கணிதம் தெரியாது. 1992இல் பிரெஞ்சு இயற்பியலாளர்கள் துவாதியும் கூதேயும், ஒன்றையொன்று தள்ளும் காந்தத் துளிகளை எண்ணெய்த் தட்டின் நடுவில் சொட்டு சொட்டாக விட்டார்கள். துளிகள் தாமாகவே அந்தக் கோணத்துக்கு வந்து சேர்ந்தன. புதிதாக வருவது, இருப்பவற்றில் அதிக இடமுள்ள பக்கம் ஒதுங்கினால் போதும்.

மாட்டுங்கா மார்க்கெட்டில் அன்னாசியைக் கையில் எடுத்துச் சுற்றிப் பார்த்தால், கண்கள் மூன்று திசைகளில் சாய்வாக ஓடுவது தெரியும். ஒரு திசையில் எண்ணினால் பெரும்பாலும் 8 வரிசை, இன்னொன்றில் 13, செங்குத்தாக ஏறுவதில் 21. பெரிய சூரியகாந்தியின் நடுவட்டத்தில் 34, 55, 89 வரை போகும். கடைக்காரர் பொறுமையுள்ளவராக இருந்தால் செவந்திப் பூவின் நடுவிலும் முயற்சி செய்யலாம். எல்லாப் பூவும் ஒத்துழைக்காது. விதிவிலக்குகள் உண்டு, அவற்றையும் தாவரவியலாளர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்.

தென்னையில் இதை எண்ணியவர் ஒரு குமரி மாவட்டத்துக்காரர். டி.ஏ. டேவிஸ் காயங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையத்தில் தொடங்கி, கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் கழகத்துக்குப் போனவர். அங்கே உயிரியலாளர் ஜே.பி.எஸ். ஹால்டேனின் ஊக்கம் கிடைத்தது. தென்னையின் மட்டைகள் சில மரங்களில் இடப்பக்கம் சுற்றி ஏறும், சிலவற்றில் வலப்பக்கம். இடச்சுழி மரத்தின் காயை நட்டால் இடச்சுழிப் பிள்ளைதான் வரும் என்பதில்லை, இரண்டும் ஏறக்குறையச் சமமாக வருகின்றன என்று 1960களின் தொடக்கத்தில் காட்டினார் டேவிஸ். 1971இல் அவர் எழுதிய கட்டுரை பனைக் குடும்பத்தின் மட்டைச் சுருள்களை எண்ணியது. தென்னையில் எடுப்பாகத் தெரியும் சுருள்கள் ஐந்து. எண்ணெய்ப் பனையில் எட்டு. வேறு மரங்களில் ஒன்று, இரண்டு, மூன்று, பதின்மூன்று. நான்கோ ஆறோ ஏழோ உள்ள மரத்துக்காகத் தேடி அலைவது வீண் வேலை என்பதே அவர் எண்ணிக்கையின் சாரம். மரமேறியின் வேலையைத் தரையில் நின்று செய்த இந்த மனிதர் தமிழ்நாட்டில் இன்னும் நன்றாக அறியப்பட வேண்டியவர்.

பின்னத்துக்கு அடங்காத குணத்தை எழுதிக் காட்டவும் ஒரு வழி இருக்கிறது. ஒன்றின் கீழ் ஒன்று கூட்டல் ஒன்று, அதன் கீழ் மறுபடி ஒன்று கூட்டல் ஒன்று என்று பின்னத்துக்குள் பின்னமாக முடிவில்லாமல் இறங்கினால் கிடைப்பது 0.618…, தங்க விகிதத்தின் தலைகீழ். எல்லாத் தளத்திலும் ஒன்றே இருப்பதால்தான் இது இவ்வளவு மெதுவாக நெருங்குகிறது. கும்பகோணத்தில் வளர்ந்த ஒருவருக்கு, அந்த ஒன்றுகளின் இடத்தில் வேறு எண்களை வைத்தால் என்ன என்று தோன்றியது.

1913 ஜனவரி 16. சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் முப்பது ரூபாய் சம்பளக் குமாஸ்தா ராமானுஜன் கேம்பிரிட்ஜ் கணிதர் ஹார்டிக்கு எழுதிய முதல் கடிதம். அதில் இருந்த சூத்திரங்களில் ஒன்று இதே தொடர்பின்னம். முதல் தளத்தில் 1. அடுத்த தளத்தில் மிகச் சிறிய எண் ஒன்று, ஏறக்குறைய 0.001867, அதற்கடுத்த தளத்தில் அந்த எண்ணின் வர்க்கம், அடுத்து அதன் கனம். அந்தச் சிறிய எண் கண்டபடி எடுத்ததல்ல. இயல் மடக்கையின் அடிமானமான 2.718…ஐப் பை எண்ணின் இரு மடங்குக்குப் படியேற்றித் தலைகீழாக்கினால் வருவது. இந்த முடிவில்லாப் பின்னத்தின் மதிப்பு என்ன? கணிப்பொறியில் தட்டினால் 0.998136 என்று வரும். அதோடு நிற்காமல், துல்லியமான விடையைச் சின்ன ஒரு வரியில் எழுதியிருந்தார் ராமானுஜன். அந்த வரிக்குள் ஐந்தின் வர்க்கமூலமும் தங்க விகிதமும் இருக்கின்றன. தங்க விகிதத்தை ஐந்தின் வர்க்கமூலத்தால் பெருக்கி அதற்கு வர்க்கமூலம் எடுத்து, அதிலிருந்து தங்க விகிதத்தையே கழித்தால் 0.284079. அதைப் பையும் ஐந்தும் கலந்த ஓர் எண்ணால், 3.513585ஆல், பெருக்கினால் விடை.

நிரூபணம் இல்லை. இந்த வகைச் சூத்திரங்கள் தன்னை முற்றிலும் தோற்கடித்தன என்றும், இவை உண்மையாகத்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் பொய்யாக இவற்றைக் கற்பனை செய்யும் ஆற்றல் எவருக்கும் இராது என்றும் ஹார்டி பின்னாளில் எழுதினார்.

ராமானுஜனின் குறிப்பேடுகளைப் படி எடுத்து 1957இல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டது நாராணன் வேலை பார்த்த அதே பம்பாய் நிறுவனம். அதன் கணிதத் துறையில் 1951 முதல் இருந்தவர் கே.ஜி. ராமநாதன். ஹைதராபாத்தில் பிறந்த தமிழர், சென்னை லயோலாவில் படித்தவர், பிரின்ஸ்டனில் எமில் ஆர்ட்டினிடம் முனைவர் பட்டம் பெற்றவர். கேம்பிரிட்ஜ் டிரினிட்டி நூலகத்தில் 1976இல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் கண்ணில் பட்ட ராமானுஜனின் ‘தொலைந்த குறிப்பேட்டில்’ அதே தொடர்பின்னத்துக்கு இன்னும் பல மதிப்புகள் நிரூபணமின்றிக் கிடந்தன. 1984இல் ராமநாதன் வெளியிட்ட கட்டுரைகள், க்ரோனெக்கரின் எல்லைச் சூத்திரம் என்ற கருவியைக் கொண்டு அவற்றில் சிலவற்றை நிறுவின. அவர் முறைக்கு அகப்படாதவை மிச்சம் இருந்தன. அவற்றைப் புரூஸ் பெர்ன்ட், சிங்கப்பூரின் ஹெங் ஹுவாட் சான், லியாங்-செங் ஜாங் மூவரும் 1996இல் எடுத்துக்கொண்டார்கள். ஹார்டிக்குக் கடிதம் போய்ச் சேர்ந்து அப்போது எண்பத்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன.